நாளைக்கு எழுதலாம்னு வச்சிருந்த நன்றி

எல்லாருக்கும் வணக்கம், ஷாலோம்.

இந்த மடலை ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதறேன்னு புரசைவாக்கத்துல இருக்கிற என் பழைய ஃப்ரெண்டுக்கு வாக்கு குடுத்தேன். இப்பதான் எழுதறேன். விஷயமே தள்ளிப்போடுறத விட்ட கதைதான், அதையே ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டிருக்கேன், சிரிச்சுட்டு மேல படிங்க.

நான் யாருன்னு கொஞ்சம் சொல்லிடறேன். அம்மா எர்ணாகுளத்து யூத குடும்பம். 1950கள்ல அவங்க சொந்தக்காரங்க முக்கால்வாசி பேர் இஸ்ரேலுக்கு கிளம்பிட்டாங்க, தாத்தா மட்டும் கடைய வித்துட்டு வரேன் வரேன்னு சொல்லியே கடைசி வரைக்கும் கிளம்பல (ரத்தத்துலயே இருக்கு போல). அப்பாவுக்கு மெட்ராஸ்ல வேலை, நான் பொறந்து வளந்தது படிச்சது எல்லாம் புரசைவாக்கம். 1998ல இங்க இஸ்ரேல்ல பேர்ஷேவாங்கிற ஊருக்கு வந்தேன், பின்னாடியே அம்மாவையும் கூட்டிட்டு வந்தேன்.

நான் ஒரு குடிநோயாளி. 2016 ஆகஸ்ட்லேர்ந்து குடிக்கல. அரக்னு சோம்பு வாசனையோட ஒரு சரக்கு முன்னாடி இங்க ரொம்ப சீப்பா கிடைச்சுது, அதுதான் என் சரக்கு. ஆனா குடிய விட எனக்கு பெரிய நோய் "நாளைக்கு"ங்கிற வார்த்தை. எங்க வீட்ல ஒரு டிராயர் இருந்துச்சு, பேங்க் கவர், கரண்ட் பில், நகராட்சி வரி, கோர்ட்லேர்ந்து வந்தது கூட, எதையும் பிரிக்காம அதுல போட்டு மூடிடுவேன். டிராயர் மூட முடியாம போனப்ப ரெண்டாவது டிராயர காலி பண்ணேன், பண்ண வேண்டிய வேலையில அது ஒண்ணதான் உடனே பண்ணேன்.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, இத எழுதவே கை கூசுது. அம்மா 2012ல இறந்தாங்க. எங்கள்ல அடக்கம் அன்னிக்கே முடிஞ்சுடும், கல்லறைக்கு மேல பேர் வெட்டின கல்ல குடும்பம் வைக்கணும், இங்க பொதுவா முப்பதாம் நாள் வைப்பாங்க, ரொம்ப போனா ஒரு வருஷத்துக்குள்ள. நான் நாலரை வருஷம் வைக்கல. காசு இருந்தா குடிச்சேன், காசு இல்லேன்னா காசு வரட்டும்னேன், நடுவுல கல்லுல என்ன வாசகம் போடறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்னு அக்காகிட்ட கத விட்டேன். கல்லறைக்கு வர்றவங்க அந்த பேர் வெட்டின கல்லு மேல ஒரு சின்ன கூழாங்கல் வச்சுட்டு போறது எங்க வழக்கம், எங்கம்மாவுக்கு அத வைக்கக்கூட ஒரு கல்லு இல்லாம இருந்துச்சு.

முதல் நன்றி என் ஸ்பான்சருக்கு, அதாவது குடிய விட எனக்கு வழிகாட்டின ஏஏ ஆளுக்கு. ஏஏன்னா குடிய விட நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடற கூட்டம், அங்க யார் பேரும் வெளிய சொல்றதில்ல, அதனால பேர் இல்ல, ரஷ்யாலேர்ந்து வந்தவர், பிளம்பர், இவ்ளோ போதும். அவர பாக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஒருத்தர் என்ன கூட்டத்துக்கு கூப்பிட்டாரு. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ஒரு பங்குச்சந்தை ஆளும் ஒரு சர்ஜனும், ரெண்டு பேருமே மொடாக்குடி, உக்காந்து பேசி ஆரம்பிச்ச விஷயம் இது. ரெண்டு பேரும் கிறிஸ்டியன்ஸ், நான் யூதன், ரப்பிய, அதாவது எங்க மதகுருவ, கேட்டுட்டு வரேன்னு சொன்னேன். ரப்பிய கேக்கவே இல்ல. கேட்டிருந்தா போகச் சொல்லியிருப்பாரு, அது எனக்கு நல்லாவே தெரியும், அதான் கேக்கல.

கடைசியில போன அன்னிக்கு அந்த பிளம்பர் ரெண்டு கேள்வி கேட்டுட்டு சொன்னது இதான்: "உனக்கு உலகத்துல நல்லா தெரிஞ்ச ஒரே தொழில் தள்ளிப்போடுறது, சரியா? அப்ப குடிய தள்ளிப்போடு. இன்னிக்கு வேணாம், நாளைக்கு குடி. நாளைக்கு வந்தா அப்பயும் இதையே சொல்லு." நான் இருபது வருஷமா பில்லுக்கும் கல்லுக்கும் பண்ணத பாட்டிலுக்கு பண்ணணும், அவ்ளோதானான்னு சிரிச்சுட்டேன். ஆனா அன்னிக்கு குடிக்கல. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு கை நடுங்கிச்சு, ஃபோன் பண்ணேன், ஏதோ ஒரு வீட்டு சிங்க்குக்கு அடியில படுத்துக்கிட்டே முக்கா மணி நேரம் பேசினாரு. அந்த வீட்டுக்காரம்மா யாருன்னு தெரியாது, அவங்களுக்கும் நன்றி.

குடிய விட ஏஏவுல பன்னெண்டு படி இருக்கு, நாலாவது படியில நம்ம தப்பெல்லாம் உக்காந்து எழுதணும். அதுக்கு ஏழு மாசம் எடுத்தேன். நோட்டு வாங்கினேன், நல்ல பேனா வாங்கினேன், எழுதல. அப்ப அவர் பத்தாவது படிய திறந்து ஒரு வார்த்தை மேல விரல வச்சாரு, தப்புன்னா "உடனே" ஒத்துக்கணும்னு இருக்கு, அந்த "உடனே" மேல. ஒண்ணும் பேசல. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பக்கம் எழுதினேன், பேனா கூட மனைவியோட மளிகை லிஸ்ட் பேனாதான்.

ரெண்டாவது எங்க தெரு ரப்பிக்கு. சின்ன வயசு, மொரோக்கோ குடும்பம், ஃபுட்பால் பைத்தியம். அவருதான் ரப்பி ஏப்ரஹாம் ட்வெர்ஸ்கியோட வீடியோவெல்லாம் காட்டினாரு. ஹசிடிக்ங்கிற யூத பக்தி மரபுல ரப்பி வம்சத்துல வந்து மனநல டாக்டரும் ஆனவர், 1972ல பென்சில்வேனியாவுல கேட்வேன்னு மறுவாழ்வு மையம் ஆரம்பிச்சவர், ஏஏவோட படிகளும் நம்ம வேதமான தோரா சொல்றதும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதுன்னு வாழ்நாள் முழுக்க சொன்னவர், 2021ல ஜெருசலேம்ல காலமானாரு. அவர் லாப்ஸ்டர் எப்படி வளருதுன்னு பேசின வீடியோ ரொம்ப ஃபேமஸ், நாங்க சாப்பிடவே கூடாத ஐட்டத்த வச்சு ஒரு ரப்பி வாழ்க்கைப் பாடம் எடுத்தது அவர் ஒருத்தராத்தான் இருக்கும்.

ஆனா என்ன மாத்தினது வீடியோ இல்ல, மாவு. 2017 பஸ்கா பண்டிகைக்கு முன்னாடி ரப்பி என்ன மட்சா, அதாவது பஸ்காவுக்கு சாப்பிடற புளிக்காத ரொட்டி, சுடற இடத்துக்கு இழுத்துட்டு போனாரு. மாவுல தண்ணி பட்ட நிமிஷத்துலேர்ந்து பதினெட்டு நிமிஷத்துக்குள்ள பிசைஞ்சு, தேச்சு, அடுப்புல போய் வெந்து வெளிய வந்துடணும், அதுக்கு மேல சும்மா கிடந்தா மாவு புளிச்சதா கணக்கு, மொத்தமும் வேஸ்ட். ஒருத்தர் கடியாரத்த பாத்து கத்திக்கிட்டே இருக்காரு, நான் வழக்கம்போல வட்டம் சரியா வரலன்னு ஓரத்த நீவிட்டு நிக்கறேன், பக்கத்துல இருந்த கிழவி என் கையிலேர்ந்து புடுங்கி கோணலாவே கம்புல போட்டு அடுப்புக்குள்ள விட்டுச்சு. முப்பது செகண்ட்ல வெந்து வந்துச்சு, கோணலா, சூப்பரா.

திரும்பி வர்ற வழியில ரப்பி சொன்னாரு, மட்சோத்னா மட்சா ரொட்டிங்க, மிட்ஸ்வோத்னா கடவுள் கட்டளைங்க, எபிரேயத்துல ரெண்டையும் எழுதறது ஒரே மாதிரிதான், அதனால பழைய ரப்பிங்க கையில வந்த நல்ல காரியத்தையும் மாவு மாதிரி புளிக்க விடாதன்னு படிச்சாங்கன்னு. எனக்கு உடனே புரசைவாக்கத்துல பக்கத்து வீட்டு ஆயா ஞாபகம்தான் வந்துச்சு, ஆறின கஞ்சி பழங்கஞ்சிடான்னு நான் ஹோம்வொர்க் பண்ணாத ஒவ்வொரு சாயங்காலமும் கத்துவாங்க. எபிரேயத்துல யோசிக்கறப்ப எனக்கு ஏறாதது தமிழ்ல ஏறிச்சு. பஸ்கா முடிஞ்ச கையோட கல்லு வெட்டறவர்கிட்ட போனேன். என்ன வாசகம்னு கேட்டாரு, அம்மா பேரு, தாத்தா பேரு, தேதி, போதும்னேன். பத்து நிமிஷ வேலை. நாலரை வருஷம்.

அந்த கல்லு வெட்டறவருக்கும் நன்றி, தேதிய பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கல.

மனைவிக்கு நன்றின்னு எழுதினா சிரிப்பா. வெள்ளிக்கிழமை ராத்திரி வைன் கிளாஸ வச்சு சொல்ற கிடூஷ் ஜெபத்துக்கு இப்பவும் எங்க வீட்ல எல்லாருக்கும் திராட்சை ஜூஸ்தான், மதம் அத அனுமதிக்குது, ஆனா அவ அண்ணன்மாருங்க முன்னாடி முதல் தடவ ஜூஸ் பாட்டில மேஜையில வச்சவ அவ, நான் வாய தொறக்கறதுக்கு முன்னாடியே "எனக்கு வைன் பிடிக்கல"ன்னு சொன்னா. ரெண்டு டிராயரையும் அவகூட உக்காந்துதான் பிரிச்சேன், ஒரு நாளைக்கு மூணு கவர், அதுக்கு மேல கூடாதுன்னு கறாரா இருந்தா. பாதி கவர்ல இருந்தது நான் பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல. மீதி பாதி நான் பயந்தத விட மோசம், அதையும் சொல்லணும் இல்ல.

கடைசியா, முதல்ல சொன்ன அந்த புரசைவாக்கம் ஃப்ரெண்டுக்கு. 1998ல என் டிக்கெட்டுக்கு இருபத்தஞ்சாயிரம் ரூபா குடுத்தவன் அவன், அப்ப அவனுக்கு அது அஞ்சு மாச சம்பளம். ஒன்பதாவது படியில நாம தப்பு பண்ணவங்ககிட்ட போய் ஈடு கட்டணும், அதுல அவன் பேருதான் லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு, அதனாலயே கடைசிக்கு வந்துச்சு. எங்க பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்னிக்கு பட்டினி கிடந்து எவ்ளோ அழுதாலும், மனுஷனுக்கு பண்ண தப்ப அந்த மனுஷன்கிட்ட போய் சமாதானம் பண்ணாத வரைக்கும் கடவுள் தீர்க்கமாட்டாருன்னு மிஷ்னாங்கிற எங்க பழைய சட்ட நூல்ல இருக்கு. மூணு தடவையாவது போய் கேக்கணும்னு ராம்பாம்ங்கிற பழைய யூத அறிஞர் எழுதியிருக்காரு. 2019ல ஃபோன் பண்ணேன். முதல் தடவ என் குரல கேட்டதும் கட் பண்ணிட்டான். ரெண்டாவது தடவ அவன் வீட்ல அவர் இல்லீங்கன்னாங்க, பின்னாடி அவன் இருமுறது கேட்டுச்சு. மூணாவது தடவ ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, "ஏண்டா, ஊர் பேர்லயே பீர வச்சிக்கிட்டு அங்க போயா குடிய விட்ட?"ன்னான். (பேர்ஷேவாவுல வர்ற "பேர்"னா எபிரேயத்துல கிணறுடான்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல.) பணத்த வாங்கிக்கிட்டான். வட்டிய கணக்கு போட்டு சொல்றேன்னு சொன்னான், இன்னும் போட்டுக்கிட்டே இருக்கான். இதெல்லாம் தமிழ்ல எழுதுடா, இங்கயும் நாலு பேர் டிராயர் வச்சிருக்கான்னு சொன்னதும் அவன்தான்.

வேதத்துல யாக்கோபோட மனைவி லேயா தன் நாலாவது பையனுக்கு "இந்த தடவ நன்றி சொல்லுவேன்"னுட்டு யெஹூதான்னு பேர் வச்சா, யூதர்ங்கிற பேரே அதுலேர்ந்து வந்ததுதான். அந்தப் பேர வச்சுக்கிட்டு இத்தன வருஷம் யாருக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லாம இருந்திருக்கேன்.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எங்க ஓய்வுநாள் ஆரம்பிக்குது, சூரியன் இறங்கறதுக்குள்ள விளக்கேத்தணும், அப்புறம் நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஃபோன தொடமாட்டோம். கிச்சன்லேர்ந்து ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. எழுத்துப்பிழை நிறைய இருக்கும், திருத்த உக்காந்தா இது அடுத்த பஸ்காவுக்குதான் வரும், அப்படியே அனுப்பறேன்.