முதல் வாடிக்கையாளராக அரசே வரட்டும்

மதிப்பிற்குரிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் விற்றுப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எரிபொருள் மின்கலத்தை, அதாவது ஹைட்ரஜன் போன்ற எரிபொருளை எரிக்காமலேயே மின்சாரமாக மாற்றும் கருவியை, நம் தென்னாப்பிரிக்கா கைவிட்டுவிடக் கூடாது என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

உலகம் தோண்டியெடுக்கும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு நம் மண்ணுடையது. அதை வெறும் உலோகமாக ஏற்றுமதி செய்யாமல் எரிபொருள் மின்கலத் தொழிலாக வளர்க்கத்தான் 2008-இல் ஹைசா (HySA) என்னும் அரசின் ஹைட்ரஜன் ஆய்வுத் திட்டம் வந்தது. 2020-க்குள் உலகத்துக்கு வேண்டிய வினையூக்கிகளில், அதாவது மின்கலத்துக்குள் வேதிவினையை வேகப்படுத்தும் பிளாட்டினப் பொருள்களில், கால் பங்கை நாமே கொடுப்போம் என்றார்கள். நடக்கவில்லை. ஆய்வாளர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

ஏன் என்று என் கடைக் கணக்கிலேயே சொல்கிறேன். 50 லிட்டர் எஃகு சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் அடைத்தால், தூக்க ஓர் ஆள் கனம் இருக்கும். உள்ளே வாயு ஒரு கிலோகூட வராது. அதில் கிடைப்பது சுமார் 12 யூனிட் மின்சாரம். 5 கிலோவாட் இழுக்கும் ஒரு கிளினிக்குக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். தீர்ந்ததும் அடுத்த சிலிண்டரை யார் கொண்டுவருவார்? டீசலைப் பெட்ரோல் நிலையத்தில் கேனில் பிடித்து வந்துவிடலாம். லித்தியம் பேட்டரியோ பல வருடங்களில் வெகுவாக விலை இறங்கி வந்திருக்கிறது. லோட் ஷெடிங் என்னும் இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு அதுவே போதும். அதைத்தான் நானும் மனமார விற்கிறேன்.

ஆனால் எங்கள் பகுதியில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் பறிகொடுத்தோமே, அப்போது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மழை மூடிய வானத்தில் சோலாரும் கைகொடுக்காது, பேட்டரியும் இறங்கிவிடும். தடுப்பூசிப் பெட்டியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தே ஆக வேண்டும். எரிபொருள் மின்கலம் அங்கேதான் தேவை. எரிபொருள் உள்ளவரை ஓடும். மெத்தனால் என்னும் திரவ எரிபொருளில் ஓடும் வகை என்றால் சிலிண்டர் சுமையும் இல்லை, பீப்பாயில் சேர்த்து வைக்கலாம்.

அதனால் இன்னொரு மாதிரிக் கருவியின் திறப்பு விழா வேண்டாம் ஐயா. கிளினிக்குகளுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் அரசே பத்தாண்டு ஒப்பந்தம் போடட்டும். கருவி, எரிபொருள், பராமரிப்பு மூன்றும் ஒரே விலையில் அடங்க வேண்டும். கருவிக்குள் மின்சாரம் உண்டாக்கும் மின்கல அடுக்கு தேய்ந்தால் மாற்றித் தருவதும் விற்றவர் பொறுப்பாக இருக்கட்டும். வியாபாரம் உறுதி என்று தெரிந்தால்தான் எரிபொருள் கொண்டுவரும் லாரிக்கு ஒருவர் முதல் போடுவார்.

உள்ளூர்ப் பையன்களுக்குப் பயிற்சியையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். என் கடையிலிருந்து இருவரை அனுப்ப இப்போதே தயார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் ஜெனரேட்டர் கடைக்காரர்