கற்களை எடுத்துவிடுங்கள்: பந்தயக் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் ரிமோட் டிரக் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மேடையில் இருந்தபடி நீங்களே பார்த்தீர்கள். அதன்பிறகு ஒலிபெருக்கியில், "வண்டி தாங்கவில்லை என்றால் நல்ல வண்டியாக வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று உங்களில் ஒருவர் சொன்னதையும் திடலில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். அந்தச் சொல்தான் என்னை எழுதவைத்திருக்கிறது. பல மாதங்களாக வாய்மொழியாகக் கேட்டுவந்ததை இப்போது எழுத்தில் கேட்கிறேன்: தடத்தின் ஓரங்களில் வரிசையாகப் பதித்திருக்கும் ஹாலோ பிளாக் கற்களை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வளைவில் கல்லில் மோதி நின்ற டிரக், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவனுடையது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். விடுமுறை நாட்களில் மாமாவின் டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதைப் பழையதாக வாங்கினான். அவன் அதைப் பராமரிக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் "நல்ல வண்டியாக வாங்கு" என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை ஒவ்வொன்றாக விரலில் சுழற்றிப் பார்த்து, கரகரக்கும் பேரிங்கைத் தனியே எடுத்துவைப்பான். சக்கரத்தைத் தாங்கும் கைகளான நைலான் ஆர்ம்களைப் புதிதாக வாங்கினால் வெந்நீரில் கொதிக்கவைத்த பிறகுதான் மாட்டுவான். நைலான் காய்ந்துபோனால் வளையாமல் ஒடியும், ஈரம் ஏறினால் வளைந்துகொடுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கீழைக்காற்று வீசும் நம் பகுதியில் இது தேவையான வேலைதான்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியைத் தடத்தில் இருந்து அவன் தூக்கிவந்தபோது, முன்பக்க இடது சக்கரம் ஸ்டியரிங் கம்பியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்ம், அதை வண்டியோடு பிணைக்கும் ஊசி நுழையும் துளைக்குப் பக்கத்தில் இரண்டாக ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் கறுப்பு நைலான் வெளுத்துப்போயிருந்தது. ஊசியும் வளைந்துவிட்டதால் மிச்சத் துண்டு கழன்று வரவில்லை. குறட்டால் பிடித்து இழுத்தான், சுத்தியலால் தட்டினான். பிறகு, "அண்ணா, இந்த மாடலுக்கு ஆர்ம் யாரிடமாவது இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போனான். யாரிடமும் இல்லை. கல்லூரி உடையில் வந்திருந்த அவனுடைய தங்கை, வண்டியின் மேல்மூடியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆர்ம் விலை உயர்ந்த பொருள் அல்ல. ஆனால் பாலக்காட்டில் கிடைக்காது, பொள்ளாச்சியில் கிடைக்காது. கோவையில் ரிமோட் வண்டி விற்கும் கடைகளில் பொம்மை வண்டிகள்தான் அதிகம். பழைய மாடல் ஒன்றின் முன் ஆர்ம் கேட்டால் தலையை ஆட்டுவார்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ பணம் அனுப்பி, "இருப்பில் இல்லை" என்ற பதில் வராமல் இருந்தால், கூரியரில் வர வேண்டும். கூரியர் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டும். அதற்குள் அடுத்த சுற்று முடிந்துவிடும். சுற்றைத் தவறவிட்டால் புள்ளிகள் போயின. நுழைவுக் கட்டணமும் திரும்பி வராது. ஒரு கல் செய்த வேலை இவ்வளவும்.

இந்த வண்டிகள் அடிபடுவதற்காகவே செய்யப்பட்டவை என்று நீங்கள் சொல்கிறீர்கள். பாதி உண்மைதான். 2008இல் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் வந்த பிறகு பரவிய ஷார்ட் கோர்ஸ் வகை டிரக்குகள், அமெரிக்காவில் மண் தடங்களில் ஓடும் பெரிய பந்தய டிரக்குகளின் 1/10 அளவு வடிவங்கள். முன்னும் பின்னும் அகலமான பம்பர், சக்கரங்களை மூடிய உடல் என்று, வண்டிகள் ஒன்றோடொன்று உரசி ஓடத் தோதாக அவற்றை அமைத்திருக்கிறார்கள். ஆனால் உரசும் வண்டி இரண்டும் நகர்கின்றன, இரண்டும் விலகிக்கொள்கின்றன. மண்ணில் பாதி புதைந்த கல் நகருமா? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நகராத பொருளில் முட்டி நிற்பதும், 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்று மாடி உயரத்தில் இருந்து, கான்கிரீட் தரையில் விழுவதும் கணக்குப்படி ஒன்றே. அதுவும் நேராக முட்டினால் பம்பர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வளைவின் உள்ளோரக் கல் பம்பரைத் தொடுவதே இல்லை. சக்கரத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. முழு அடியும் ஆர்மில் இறங்குகிறது. அந்த அடியை ஸ்லிப்பர் கிளட்சும் தடுக்காது, ஷாக் அப்சார்பரும் தடுக்காது. ஒன்று இருப்பது பல்சக்கரங்களைக் காப்பாற்ற, மற்றது மேலும் கீழுமாக வரும் அதிர்ச்சிக்காக.

அலுமினிய ஆர்ம் மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சுற்றறிக்கையும் அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள். நைலான் வளைந்து நிமிரும், முடியாதபோது ஒடியும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் அடியை உள்ளே கடத்தும். ஆர்மோடு போக வேண்டிய சேதம் ஆர்ம் மாட்டியிருக்கும் பல்க்ஹெட் வரை, சில நேரம் அடிச்சட்டமான சேஸிஸ் வரை போகும். சிறிய செலவைப் பெரிய செலவாக மாற்றும் யோசனை அது. சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை கூடுவதால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பும், கைக்கு அடங்காது. வண்டி உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஓட்ட முடியாத வண்டியாக்கச் சொல்கிறீர்கள்.

எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான். நம் இளைஞர்கள் ஓட்டக் கற்றுக்கொள்வது உங்கள் தடத்தில்தான், வேறு தடம் கிடையாது. வெயில் காலத்தில் நம் கரிசல் மண் தூளாகிவிடும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிரக், வளைவில் கொஞ்சம் அதிகமாக முடுக்கினாலும் வாலை வீசும். வால் வீசுவதைத் தொடங்கும் முன்பே உணர்ந்து முடுக்கத்தைக் குறைத்து, எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிப்பதுதான் இந்த விளையாட்டின் கலை. தாவும்போது மூக்கு தாழ்ந்தால் முடுக்கினால் எழும்பும், மூக்கு தூக்கினால் பிரேக் பிடித்தால் தாழும். நம் ஊரில் இன்னொரு பாடமும் உண்டு. ஆடி மாதக் காற்று கணவாயில் அடிக்கும்போது, அகலமான மேல்மூடிக்குள் காற்று புகுந்து டிரக்கை அப்படியே பின்னோக்கிப் புரட்டும். அதனால்தான் பையன்கள் மூடியின் பின்பக்கத்தை வெட்டிக் காற்றுக்கு வழிவிடுகிறார்கள். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றில் வண்டியை நேராக இறக்கப் பழகியவன் எந்த ஊர்த் தடத்திலும் ஓட்டுவான். இதையெல்லாம் தவறித் தவறித்தான் பழக முடியும். ஒரு தவறுக்கு ஒரு ஆர்ம் என்று விலை வைத்தால் யார் பழகுவார்கள்? இப்போதே பாதிப் பேர் மூன்றாவது வளைவுக்கு முன் வண்டியை நடக்கவிட்டு ஓட்டுகிறார்கள். வேகமாக ஓட்டுபவன் தோற்கிறான், பயந்து ஓட்டுபவன் ஜெயிக்கிறான். இதற்குப் பந்தயம் என்று பெயர் வைக்கலாமா?

பெரிய தாவலுக்கு அப்பால் இறக்கச் சரிவு அமைத்துத் தாருங்கள் என்றும் முன்பே கேட்டிருந்தோம். தட்டையான தரையில் வந்து விழும் வண்டி தன் எடை முழுவதையும் ஷாக்கின் அடிமட்டத்தில் கொண்டுபோய் இடிக்கிறது. சரிவில் இறங்கினால் வேகம் முன்னோக்கி வழிந்துவிடும். அதற்குப் பதிலே வரவில்லை.

பதில் வராததைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் விதிமுறைகளும் அறிவிப்புகளும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மட்டும் வருகின்றன. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருந்து வரும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத வழி செய்திருக்கிறது. அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் மொழியை ஒரு விளையாட்டுக் குழு ஏன் ஒதுக்க வேண்டும்? கோவைக்குப் போனால் நாங்கள் கேரளக்காரர்கள், பாலக்காட்டுக்குப் போனால் தமிழர்கள். எங்கள் ஊர்த் திடலிலாவது எங்களுக்குப் புரியும் மொழியில் விதியைச் சொல்லுங்கள். பேட்டரி விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் லித்தியம் பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதைத் தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

கோபத்தில் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: கற்களை எடுத்துவிடுங்கள். நீங்கள் இந்தத் திடலைச் சமன்செய்ய எவ்வளவு உழைத்தீர்கள், எத்தனை வாசல்களில் போய் நின்றீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்புக்கு மரியாதை இருப்பதால்தான் பந்தயத்துக்கு வராமல் இருந்துவிடாமல் உங்களிடம் வந்து கேட்கிறேன்.

கற்களை எடுத்தால் தடத்தின் ஓரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நல்ல தடங்களில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் வடிகால் குழாயைத் தரையில் பதித்து ஓரம் கட்டுவார்கள். சக்கரம் ஏறினால் குழாய் அமுங்கும், வண்டி வேகம் இழக்கும், ஆனால் உடையாது. தவறுக்குத் தண்டனை அதுவே போதும். புதுக் குழாய் வாங்கப் பணம் இல்லை என்றால், நம் தென்னந்தோப்புகளில் மாற்றிப்போட்ட பழைய கறுப்புத் தண்ணீர்க் குழாய்கள் சுருள் சுருளாகக் கிடக்கின்றன. நானும் இன்னும் சிலரும் தோட்டக்காரர்களிடம் பேசிவைத்திருக்கிறோம். இலவசமாகத் தருகிறார்கள், டிராக்டரில் ஏற்றிவர ஆளும் இருக்கிறது. கம்பியை வளைத்து மண்ணில் அடித்துக் குழாயை நிறுத்தும் வேலையை நாங்களே செய்கிறோம். மூன்றாவது வளைவில் தொடங்கினால்கூடப் போதும்.

உங்களிடம் இருந்து வேண்டுவது அனுமதியும், திடலின் சாவியும். அடுத்த சுற்றுக்கு முந்தைய சனிக்கிழமை காலை எங்களுக்கு வசதி. அந்த நாள் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் வேறு நாளைச் சொல்லுங்கள், வருகிறோம். அலுமினிய ஆர்ம் சுற்றறிக்கையை அதற்குள் திரும்பப் பெற்றுவிட்டால் சிலர் வீண் செலவில் இருந்து தப்புவார்கள். அந்தத் தம்பியின் நுழைவுக் கட்டணத்தை அடுத்த சுற்றுக்கு வரவு வைக்கவும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தடத்தில் ஓட்டும்
கொழிஞ்சாம்பாறைக்காரன்