கட்டணம் கேட்கத் தயங்காதே

சுங்கை சிப்புட், பேராக்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் நலத்தைத் தம்பியின் வழியாக அறிந்துகொள்கிறோம். இணைய வகுப்புக் காணொளிகளை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டு விளம்பர வருமானத்தை நம்புவதா, பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பதா என்று அவனிடம் கேட்டிருக்கிறாய். ஓய்வு பெறும்வரை தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதியவன் வீட்டில் இருக்க, சம்பளம் வந்த வாரத்திலேயே கடன் கேட்பவனிடம் கணக்குக் கேள்வி போயிருக்கிறது. பரவாயில்லை. என்னைக் கேட்கவில்லை என்றாலும் என் பதில் இதுதான்: கட்டணம் வாங்கு.

விளம்பர வழியை எடுத்துக்கொள். நீளமான காணொளி போடுபவர் யூடியூப்பின் விளம்பரப் பணத்தில் பங்கு பெற வேண்டுமானால், 1,000 சந்தாதாரர்களும் கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருக்க வேண்டும் என்று தம்பி கைப்பேசியில் காட்டினான். அதைத் தாண்டிய பிறகு 100-க்கு 55 உனக்கு, 45 அவர்களுக்கு. 100 டாலர் சேரும்வரை அந்தப் பணமும் கைக்கு வராது. சேர்ந்தாலும் அடுத்த மாதம் 21-ஆம் தேதி முதல்தான் அனுப்புவார்கள். பெட்டாலிங் ஜெயாவில் வீட்டுக்காரர் முதல் தேதியில் வாடகை கேட்பார். உன் வாடகையைப் பற்றி நான் கேட்கவில்லை; கணக்குக்காகச் சொல்கிறேன்.

சமைத்துக் காட்டுபவருக்கும் ஊர் சுற்றிக் காட்டுபவருக்கும் இது கட்டுப்படியாகலாம், ஏனென்றால் அவர்களை உலகத்துத் தமிழர் எல்லாரும் பார்க்கலாம். நீ கற்பிப்பதோ ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வின் கூடுதல் கணிதம், அதையும் தமிழில் விளக்கி. நம் பிள்ளைகளில் அந்தப் பாடத்தை எடுப்பவர்களே குறைவு. அவர்களும் தேர்வு முடிந்த மறுநாள் உன் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். விளம்பரத்தின் விலையை முடிவு செய்வதும் நீ அல்ல. பால் வெட்டியவன் தோட்டத்தில் நிற்க ரப்பர் விலை வேறெங்கோ ஏறி இறங்கியதைப் போல, பாடம் நடத்தியவள் இங்கிருக்க அதன் விலை வேறெங்கோ ஏறி இறங்கும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான்காம் ஆண்டுக் கணிதம் போடப் போகிறாயாம். கேட்டு அம்மா மகிழ்ந்தாள். ஆனால் விளம்பரத்தை நம்புவதானால் அது இன்னும் மெலிந்த வழி. பெற்றோரின் அனுமதியின்றிச் சிறுவர்களின் விவரங்களைத் திரட்டியதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூப்பும் 170 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2020 ஜனவரி முதல் சிறுவருக்கான காணொளிகளில், பார்ப்பவரின் பழக்கத்தை அறிந்து காட்டும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. கீழே கருத்து எழுதும் இடமும் மூடப்பட்டது. அது சரியான காரியம்தான். எனினும் கூடுதல் பணம் தரும் விளம்பரம் உனக்கு இல்லை, சந்தேகம் கேட்கப் பிள்ளைக்கு இடமும் இல்லை என்றாகிறது.

8 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் காணொளியாக இருந்தால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாமாம். வேலை முடிந்து அப்பா வந்த பிறகு அவர் கைப்பேசியை வாங்கி, பிரீபெய்ட் டேட்டாவில் பாடம் பார்க்கும் பிள்ளைக்கு, கணக்கின் பாதியில் சவர்க்கார விளம்பரம் வரும். அதைப் பார்க்கும் டேட்டாவும் அந்தப் பிள்ளையின் காசுதான். இதை இலவசம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கான் அகாடமி என்ற அமெரிக்கப் பாடத் தளம் இலவசமாகவும் விளம்பரமில்லாமலும் நடக்கிறதே என்று தம்பியிடம் வாதாடினாயாம். அது நன்கொடையில் நடக்கும் அமைப்பு. 2010-இல் கூகுள் ஒரு நிறுவனமே 2 மில்லியன் டாலர் கொடுத்தது. உனக்கு நன்கொடை தரக்கூடியவர் ஈப்போவில் இருக்கும் உன் மாமா ஒருவர்தான், அவரிடம் போய் நிற்க வேண்டாம் என்பது உனக்கே தெரியும்.

ஆகவே கட்டணம் வாங்கு. அதையும் எங்கே வாங்குவது என்று பார்த்து வாங்கு. யூடெமி என்ற பாட விற்பனைத் தளத்தில் அவர்கள் பிடித்துத் தரும் மாணவரிடமிருந்து உனக்கு 37 விழுக்காடுதான். நீ கட்டணமாக நினைத்திருக்கும் 49 வெள்ளியில் (ரிங்கிட்) அது 18 வெள்ளி 13 காசு. உன் சொந்த இணைப்பின் வழியாக வருபவரிடமிருந்து 97 விழுக்காடு, அதாவது 47 வெள்ளி 53 காசு. எப்படியும் நம் ஊர்ப் பிள்ளைகளை நீதானே தேடிப் பிடிக்க வேண்டும்? தோட்டத்துப் பெற்றோர் பலரிடம் கடன் அட்டை இருக்காது. கைப்பேசியில் பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் இருந்தால் மளிகைக் கடையில் கட்டுவதைப் போலக் கட்டிவிடுவார்கள். அதுவும் இல்லாதவர்கள் ரொக்கமாகக் கொடுக்கட்டும். நம் தாமான் குடியிருப்பில் நானே வாங்கி, பெயர் எழுதி, வாராவாரம் உன் கணக்கில் போடுகிறேன். கணக்குப் புத்தகத்தில் என் கை இன்னும் நடுங்கவில்லை.

ஏழைகளிடம் எப்படிக் கேட்பது என்று நீ கூசுவது எனக்குத் தெரியும். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் நம் ஆட்கள் வீடும் வேலையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல், நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன், தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டுகிறவர்களிடமே 10 வெள்ளி 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். உன் தாத்தா கொடுத்தார். கொடுத்ததால் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டார். பணம் கட்டிய பெற்றோரும் அப்படித்தான், பிள்ளை பாடம் பார்த்ததா என்று இரவில் ஒரு வார்த்தை கேட்பார்கள். நான்காம் படிவத்தின் முதல் பாடமான சார்புகளை விளம்பரம் வைக்காமல் இலவசமாகப் போடு, உன் விளக்கம் எப்படி என்று பார்த்துக்கொள்ளட்டும். மற்றவற்றுக்கும், விடைத்தாள் திருத்துவதற்கும் கட்டணம் வாங்கு. 49-ஐ 19 ஆக்காதே. ஊர் டியூஷனில் ஒரு பாடத்துக்கு ஒரு மாதத்துக்கே ஏறக்குறைய அந்த 49 ஆகிறது.

கூடுதல் கணிதத்தில் ஏ பிளஸ் வாங்கிய பெண் என்று உன்னைக் காட்டித்தான் தோட்ட லயத்தில் இன்றும் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். அந்தப் பெண் தன் உழைப்புக்கு விலை சொல்லக் கூசுகிறாள். ஆனால் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெரிய முடிவுகளை எடுக்க மட்டும் கூசுவதில்லை. பள்ளி வேலையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. தம்பியும் எதையும் சொல்லவில்லை, அவனைக் கோபிக்காதே. அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. கூரை மாற்றியாகிவிட்டது, பழைய இடத்தில் ஒழுகவில்லை.

நேற்று உன் கணக்கில் 294 வெள்ளி போட்டிருக்கிறேன். ஆறு பிள்ளைகளுக்கு, தலைக்கு 49. யார் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. பெயர்களைப் பிறகு அனுப்புகிறேன். பணம் வந்து சேர்ந்ததற்கு ரசீது வேண்டும், கட்டணம் வாங்குபவர் ரசீது கொடுக்காமல் இருக்கக் கூடாது. எழுத நேரமில்லை என்றால் தொலைபேசியில் சொன்னாலும் போதும். மாலை ஏழு மணிக்கு மேல் அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா