நூல் மாற்றும் நேரத்துக்கும் கூலி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

திருப்பூரில் 18 தையல் மெஷின் போட்டு, ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். பசுமை உற்பத்திதான் இனி பின்னலாடைத் தொழிலைக் காப்பாற்றும் என்கிறார்கள். அதை அடிபட்டுத் தெரிந்துகொண்ட ஊர் இது. நொய்யலில் சாயம் ஓடி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணியை வெளிமாநிலத்துக்கு லாரி ஏற்றிச் சாயம் போட்டு வாங்கினோம். என் யூனிட்டில் பாதி நாள் மெஷின் ஓடவில்லை. இன்று கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து, அதிலேயே மறுபடி சாயம் போடுகிறார்கள். அதைச் சொல்லித்தான் ஐரோப்பாவில் ஆர்டர் கேட்கிறோம்.

காலத்துக்கேற்ப மாறுவதும் அப்படித்தான் தேவை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒரே நாட்டை நம்பியிருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். இப்போது சின்னச் சின்ன பையர்களின் ஆர்டரையும் பிடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த மாற்றம் என் டேபிளுக்கு வரும்போது எப்படி இருக்கிறது தெரியுமா?

முன்பு ஒரே கலரில் பத்தாயிரம் பீஸ் வரும். இப்போது 300 பீஸ், ஆறு கலர். ஒவ்வொரு கலருக்கும் ஓவர்லாக் மெஷினில் நாலு நூல் கோன், பேட்லாக் மெஷினில் ஐந்து கோன் மாற்றி, முடிச்சுப் போட்டு இழுத்து, நூலின் டென்ஷன் பார்த்து, வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தைத்த பீஸுக்கு மட்டும் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லருக்கு அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. என்னிடம் எட்டு வருடம் தைத்த ஒரு பெண், "வெள்ளை லாட் வந்தா கூப்பிடுங்கண்ணா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயக் கூலி ஏறினால் அதற்குத் தனியாகக் கணக்குக் காட்டுகிறார்கள். நூல் மாற்றும் நேரம் மட்டும் யார் கணக்கிலும் இல்லை. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில், 500 பீஸுக்குக் குறைந்த லாட்டுக்குத் தனி ரேட் நிர்ணயிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தையும் ஜாப் ஒர்க் பில்களுக்கு ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். ஏற்றுமதியாளர்கள் இதைப் பேச முன்வர வேண்டும் என உங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவர் டேபிள் உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.