பாலிஷ் போடும் முன் பூட்டைத் திருப்பிப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய இரும்பு, பித்தளைக் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் பாய்மார்களுக்கும்,

வணக்கம். பழைய பூட்டு இருக்கிறதா என்று உங்கள் கடைகளில் வந்து நிற்கிற ஆட்களில் நானும் ஒருவன். கேட்க வந்தது ஒன்றுதான்: பழைய பூட்டு கைக்கு வந்தால் உடனே பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். பளபளவென்று இருந்தால் நல்ல விலை போகும் என்று நினைக்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் தேடுவது அதன் மேலிருக்கும் எழுத்தை. சக்கரம் முதலில் தின்பதும் அந்த எழுத்தைத்தான்.

அப்புறம் இந்த ‘திப்பு காலத்துப் பூட்டு’ சமாச்சாரம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை கண்ணெதிரே நிற்பதால் எதை எடுத்தாலும் திப்பு என்று சொல்லிவிடுகிறோம். பாராமகால் என்று அப்போது பெயர் பெற்றிருந்த நம் பகுதி 1792இலேயே திப்புவிடமிருந்து வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து நாட்டுப் பூட்டு பெரும்பாலும் கொல்லன் அடித்த இரும்பு. உள்ளே விரிந்து நிற்கும் வில்தகடுகளைச் சாவி நெருக்கினால் திறக்கும். ‘சிக்ஸ் லீவர்ஸ்’ (சாவி தூக்கிவிடும் உள்தகடு ஆறு) என்று ஆங்கிலத்தில் அடித்த பித்தளைப் பூட்டை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இங்கிலாந்திலேயே ராபர்ட் பாரன் தன் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1778இல்தான். கோத்ரெஜ் என்று இருந்தால் பேச்சே இல்லை. பம்பாயில் அவர்கள் பூட்டுத் தொழில் தொடங்கியது 1897இல்.

பூட்டின் முகம், முதுகு, சாவித்துளை மூடி, வளையம் நான்கையும் பாருங்கள். அழுக்கு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும், புளி வேண்டாம். ‘ஹாப்ஸ்’ என்று இருந்தால் அது 1851க்குப் பிந்தையது. அந்த ஆண்டு லண்டன் கண்காட்சி நடந்தபோது, யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பூட்டைத் திறந்து காட்டிய அமெரிக்கர்தான் ஹாப்ஸ். பிறகு அங்கேயே கம்பெனி போட்டார். சப் பூட்டில் முகவரியும் இருக்கலாம்: செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டு என்றால் மூத்தது, குயின் விக்டோரியா தெரு என்றால் இளையது. ‘யேல் அண்ட் டவுன்’ என்ற அமெரிக்கப் பூட்டுக் கம்பெனியின் பெயர் 1883இல் வந்தது. கட்டம் போட்ட வைர வடிவ முத்திரை இருந்தால் அந்தப் பூட்டின் வடிவமைப்பை இங்கிலாந்தில் பதிவு செய்தது 1842க்கும் 1883க்கும் நடுவில். 1884 முதல் வெறும் பதிவு எண்தான். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று இருந்தால் 1949க்கு முன் போகவே போகாது.

ரயில்வே பூட்டு இன்னும் சுலபம். ‘எம் அண்ட் எஸ்.எம்.ஆர்.’ (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே) என்றால் 1908க்கும் 1951க்கும் இடைப்பட்டது. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய சின்ன ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோனது. அந்த ஸ்டேஷன்களின் சாமான் ஏதாவது உங்கள் குவியலில் கிடக்காதா என்று எனக்கு ஒரு நப்பாசை உண்டு.

கிரீடமும் வி.ஆரும் (விக்டோரியா ராணியின் முத்திரை எழுத்து) இருப்பதை மட்டும் வைத்து ராணி காலம் என்று சொல்லிவிடாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி, டைட்டானிக் என்றெல்லாம் பேர் போட்டுப் புதிதாக வார்த்த பூட்டுகள் சந்தையில் ஏராளம். அவற்றில் எழுத்தின் ஓரம் மழுங்கி, மேற்பரப்பு மணல் மணலாக இருக்கும். பழைய கம்பெனிப் பூட்டில் பெரும்பாலும் உளி முத்திரையால் ஓங்கி அடித்த கூர்மையான பள்ளம் தெரியும். பிளஸ் வடிவத் திருகாணி இருந்தால் 1930களுக்குப் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது பூட்டே புதுசு.

பேரே இல்லாத பூட்டைக் குப்பையில் போடாதீர்கள். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு மாதிரி கைவேலைப் பூட்டுகளில் பெயர் இல்லாமல் போவது சகஜம்தான். உள்ளே அரம் ராவிய கோடுகளும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஆணித் தலைகளும் அது கைவேலை என்று காட்டிவிடும்.

சாவி இல்லாத பூட்டைச் சுத்தியலால் தட்டவும் வேண்டாம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். எந்த ஊர், எந்த வீட்டுக் கதவு, பெட்டியா குதிரா என்று கொண்டுவந்தவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். அப்படிச் சீட்டோடு வரும் பூட்டுக்கு எடை விலைக்கு மேல் நான் தருகிறேன். அதற்காகச் சீட்டில் மறுபடியும் திப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடை வாசலில் குந்தியிருக்கும் வாடிக்கையாளன்