பேத்தியின் கண்ணாடி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அறுப்பு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். வைக்கோலாவது நனையாமல் தப்பியதா? நான் இப்போதெல்லாம் கடைக்கு அரைநாள்தான் போகிறேன். லென்ஸ் தேய்ப்பதை மெஷின் பார்த்துக்கொள்கிறது, மகன் பட்டனை அழுத்துகிறான். பிரேமைப் பிள்ளைகள் முகத்துக்குச் சரிபண்ணும் வேலை மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சோடாபுட்டியா என்று தங்கச்சி அழுகிறாள் என்கிறாய். நீ எழுதி அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெறும் பவர் அதிகமில்லை. சிலிண்டர்தான், அதாவது ஒரு திசைக்கு மட்டும் கொடுக்கும் பவர்தான், மைனஸ் 2.50; அது நிற்க வேண்டிய கோணம், ஆக்சிஸ், 180. பள்ளிப் புத்தகத்தில் சிதறல் பார்வை என்று போட்டிருப்பார்களே, அதுதான். கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல், கரண்டியின் முதுகைப்போல ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருக்கிறது. அதனால் வெளிச்சம் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. கிட்டேயும் மங்கல், தூரத்திலும் மங்கல். டிவி பார்த்ததால் வந்ததல்ல, மருமகள் கவனிக்காததால் வந்ததுமல்ல. பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமாகக் கொடு, உடம்புக்கு நல்லது. கருவிழியின் வளைவை அது மாற்றாது.

“கொஞ்சம் வளரட்டும், பிறகு போடலாம்” என்று உன் மச்சான் சொன்னாராம். அதை மட்டும் கேட்காதே. இந்த வயதில் கண்ணோடு சேர்ந்து மூளையும் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெளிவான படமே போகாவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும். பிற்பாடு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் டாக்டர் காட்டும் எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரியாமல் போகலாம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்கட்டும். சொட்டு மருந்து விட்டுத்தான் பரிசோதித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படிப் பார்த்தால்தான் கணக்கு நம்பும்படி இருக்கும்.

பிள்ளை கதை கேட்பாள் என்றாயே, இதைச் சொல். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஏரி என்று ஒருவர். படிக்கும்போது தன் இடது கண் வேலையே செய்யவில்லை என்று கவனித்தார். ஓர் அட்டையில் ஊசித்துளை போட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணுக்கு முன்னால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஆறு அங்குலத்தில் அந்தத் துளை ஒரு கோடாகத் தெரிந்தது; மூன்றரை அங்குலத்தில் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடாகத் தெரிந்தது. இரண்டு திசைக்கும் இரண்டு பவர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு பக்கம் உருளை வளைவும் மறுபக்கம் கோள வளைவும் உள்ள லென்ஸுக்கு வரைபடம் கொடுத்தார். இப்ஸ்விச் என்ற ஊரில் ஃபுல்லர் என்ற கண்ணாடிக்காரர் அதைத் தேய்த்துக் கொடுத்தார். 1825-ல் ஏரி இதைக் கட்டுரையாகப் படித்தார். அவருக்கு முன்பே, 1801-ல், தாமஸ் யங் என்ற விஞ்ஞானி தன் கண்ணில் இதே கோளாறை அளந்து எழுதியிருந்தார். ஆனால் தொந்தரவாக இல்லை என்று விட்டுவிட்டார். ஏரி பிற்பாடு கிரீனிச் வானாய்வகத்தின் தலைவரானார். அங்கே அவர் நிறுவிய தொலைநோக்கி வழியாகப் போகும் கோட்டைத்தான் 1884-ல் உலகத்துக்கே சுழியத் தீர்க்கக்கோடாக வைத்தார்கள். நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவது அந்தக் கணக்கில்தான். எல்லோரும் ஏரியைப் புகழட்டும். கையால் தேய்த்தே அந்த வளைவைக் கொண்டுவந்த ஃபுல்லரைத்தான் நான் கும்பிடுவேன். என் தொழில் புத்தி, வேறென்ன!

நீ கவனிக்க வேண்டியது ஆக்சிஸ். வெறும் பவர் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் பவர் அதுவேதான். சிலிண்டர் அப்படியல்ல. சீட்டில் போட்ட திசையிலிருந்து பத்து டிகிரி விலகினாலே பலனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. முப்பது டிகிரி விலகினால் சிலிண்டர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அதனால் அந்த முழு வட்டப் பிரேமை வாங்காதே, அழகாக இருக்கிறது என்று பிள்ளை அடம்பிடித்தாலும். அதில் லென்ஸ் உள்ளேயே சுழன்றுவிடும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், விழுந்தாலும் சட்டென்று உடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் தண்டு தட்டை, சாதாரண பிரேம் வழுக்கி இறங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த பிரேமை மாட்டினால் ஆக்சிஸும் கூடவே சாய்கிறது.

முதல் சில நாள் தரை சரிந்திருக்கிறது, கதவு கோணலாக இருக்கிறது என்பாள். பயப்படாதே, பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகிவிடுவாள். இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே சொன்னால் கடையில் கொடுத்து, லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்துச் சீட்டோடு ஒப்பிடச் சொல். அப்புறம் ஒன்று, கண்ணை அடிக்கடி கசக்குகிறாளா? அரிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கசக்கிக் கசக்கியே கருவிழி கூம்பிப்போன பிள்ளைகள் உண்டு. வருடா வருடம் சிலிண்டர் ஏறினால் கருவிழியின் வளைவைப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

தை மாதக் கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வருவீர்கள்தானே? பிள்ளையையும் கண்ணாடியையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வா. காலையில் வந்தால்தான் நான் இருப்பேன். நோஸ் பேடையும் காதுக் கம்பியையும் நானே வளைத்துச் சரிசெய்து தருகிறேன்.

அன்புடன்,
சண்முகம்