செபக் குழுவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே,

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் பத்து நடந்தன. தவக்காலத் தியானமும் பாதுகாவலர் திருவிழாவும் இறந்த உறுப்பினர்களுக்கான திருப்பலியும் வழக்கம்போல் நிறைவேறின.

வியாழன் மாலைத் தியானம் நான் முன்மொழிந்தது என்பதால் அதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 1521இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து கிடந்தார், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனிதர் இலொயோலா இஞ்ஞாசியார். அப்போது அவர் பொழுதுபோக்க வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும்தான். வீரக் கனவுகள் முடிந்ததும் மனம் வறண்டதையும், புனிதர்களைப் போல் வாழ்வதாகக் கண்ட கனவுகள் முடிந்த பின்னும் மகிழ்ச்சி நிலைத்ததையும் அவர் கவனித்தார். பின்னர் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில், நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் வழி எவ்வளவு நீளம், சமவெளியா பள்ளத்தாக்கா, இயேசு பிறந்த குகை உயரமா தாழ்வா என்றெல்லாம் மனக்கண்ணால் பார்க்கச் சொன்னார். வியாழன் மாலைகளில் நாமும் அப்படியே பார்த்தோம். குகைக்குக் கதவு உண்டா என்ற விவாதத்தில் ஒரு மாலை முழுவதும் போயிற்று.

“செபத்தில் வரும் பராக்கு போதாதா, கற்பனை வேறா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தமக்குக் கற்பனை எளிதில் வருவதில்லை என்று செபத்தைப் பற்றி நூல்கள் எழுதிய புனிதர் அவிலா தெரேசாவே எழுதியிருக்கிறார். ஆகவே இதில் கட்டாயம் ஏதுமில்லை.

ஆனால் இஞ்ஞாசியார் குகைக்குள் யாரையும் வேடிக்கை பார்க்க விடுவதில்லை. ஓர் எளிய ஊழியனாக அங்கே நின்று, திருக்குடும்பத்துக்குத் தேவையானதைச் செய் என்கிறார். அதனால்தான் சனிக்கிழமை நோயாளர் சந்திப்பையும் சேர்த்தேன். குகைக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். நோயாளர் வீட்டுக்கு வந்தவர்கள் நால்வர். அதில் நானும் என் மனைவியும் அடக்கம். மனத்தில் பெத்லகேம் வரை நடந்தவர்களுக்கு இரண்டு தெரு தாண்டுவதற்குள் முழங்கால் வலித்துவிட்டது. அன்பு சொல்லைவிடச் செயலில் விளங்க வேண்டும் என்ற இஞ்ஞாசியாரின் கருத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். கையெழுத்து அழகாக இருப்பதாகப் பலர் பாராட்டினார்கள்.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடியது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பற்றாக்குறையை ஒருவர் தம் கைப்பணத்தால் ஈடுசெய்தார். அவர் பெயரை நான் சொல்வது முறையன்று. சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். எனவே அது மடித்தபடியே இந்தக் கோப்பில் இருக்கிறது.

பங்குத்தந்தைக்கும் பாடகர் குழுவுக்கும் மண்டபத்தைத் திறந்துவிட்ட உபதேசியாருக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் வியாழன் தியானம் தொடரும். சனிக்கிழமையைப் பற்றி என்னால் உறுதி கூற இயலவில்லை. படுக்கையில் இருக்கும் மூவர், “அடுத்த வாரமும் வருவீர்களா?” என்று கேட்டார்கள். “வருகிறோம்” என்று பன்மையில் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்